நோவை அடக்கும் குளிசையும் ஆற வேண்டிய காயமும்

மதிப்பிற்குரிய பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "போதை மாத்திரைகளுடன் இளைஞர் கைது" என்ற தலைப்பை நம் தமிழ்ப் பத்திரிகைகளில் இப்போது அடிக்கடி காண்கிறோம். அச்செய்திகளில் பெயர் சொல்லப்படும் மாத்திரைகளுள் ட்ரமடோல் என்ற நோவு மாத்திரையும் ஒன்று. வாசிப்பவர் அதை யாரோ வழிதவறிப் போன பிள்ளைகளின் விடயம் என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். அதே மாத்திரை முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வந்த தாயாரின் மருந்துப் பெட்டியிலோ, கை முறிந்த மகனின் தலையணைக்குக் கீழோ கிடப்பதை அவர் அந்தச் செய்தியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. தாதிய உத்தியோகத்தராக 32 ஆண்டுகள் சத்திரசிகிச்சை விடுதிகளிலும் மருந்து கட்டும் அறைகளிலும் வேலை செய்துவிட்டு, இப்போது திருகோணமலை உப்புவெளியில் ஓய்வாக இருக்கும் நான், இந்த மாத்திரைகளின் இன்னொரு பக்கத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். இவற்றுக்கு அடிமையாவதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். ட்ரமடோல், மோர்பின் போன்ற அபின் வகையைச் சேர்ந்த நோவு மருந்துகள், வெட்டுண்ட நரம்பும் கிழிந்த இழையமும் திரும்ப வளரும் வேலையிலும் தலையிடக்கூடும் என்பதை மட்டும் நோயாளிக்கு எவரும் சொல்லி அனுப்புவதில்லை.

இதை எழுதத் தூண்டியது என் தமையனாரின் மகனுடைய கை. அவன் கடற்றொழில் செய்பவன். கடந்த ஆண்டு வாடைக்காற்றுத் தொடங்குவதற்கு முன், படகிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கும்போது அதன் மூடித் தகரம் வலது மணிக்கட்டில் சின்னவிரல் பக்கமாக ஆழ வெட்டிவிட்டது. தசைநாணும், சின்னவிரலுக்கும் மோதிரவிரலின் பாதிக்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பும் அறுந்துபோயின. வைத்தியர்கள் இரண்டையும் நன்றாகவே தைத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து நாளுக்கு ட்ரமடோல் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஐந்து நாள் நான்கு மாதமாகியது. ஒரு மருந்துக்கடையில் அதே பழைய துண்டைக் காட்டக் காட்டக் குளிசை கொடுத்திருக்கிறார்கள். பின்னர் துண்டையும் கேட்கவில்லை. அது முடிந்தபோது, அயலில் புற்றுநோயால் காலமான ஒருவரின் வீட்டில் எஞ்சியிருந்த மாத்திரைகளை யாரோ இரக்கப்பட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். "மாமி, இதைப் போட்டால்தான் கை இருக்கிறதே தெரியாமல் படுக்கலாம்" என்று அவன் சொன்ன அன்றுதான் எனக்கு விடயமே தெரியவந்தது. ஒரு தாதியின் வீட்டுப் பிள்ளைக்கே இப்படியென்றால், ஈச்சிலம்பற்றிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் பஸ் ஏறி கிளினிக்குக்கு வந்து போகிறவர்களின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன்.

வெட்டுண்ட நரம்பு எப்படித் திரும்ப வளர்கிறது என்பதை முதலில் சொல்ல வேண்டும். தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்பை வெட்டிப் பார்த்து, வெட்டுக்கு அப்பாலுள்ள துண்டு சிதைந்து போவதை 1850 இல் விவரித்தவர் அகஸ்டஸ் வாலர். அப்படிச் சிதைந்த குப்பையை உடலின் விழுங்கு கலங்கள் வந்து தின்று வழியைத் துப்புரவாக்குகின்றன. நரம்பைச் சுற்றியிருக்கும் உறைக் கலங்கள் வரிசையாக நின்று ஒரு குழாய்ப் பாதை அமைக்கின்றன. அந்தப் பாதைக்குள்ளே மேற்பக்கத் துண்டிலிருந்து புதிய இழை, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வேகத்தில் நகர்கிறது. மணிக்கட்டிலிருந்து சின்னவிரல் நுனிவரை 15, 16 சென்ரிமீற்றர் என்று வைத்தால், ஐந்து மாதத்துக்கு மேல் பிடிக்கும் பயணம் அது.

இந்தப் பயணத்தைக் கருவி ஏதுமில்லாமலே வீட்டிலிருந்து பார்க்கலாம். 1915 இல் ஜூல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்த முறை இது. மருமகனின் கையை மேசையில் மல்லாத்தி வைத்து, மணிக்கட்டிலிருந்து விரலை நோக்கி என் சுட்டுவிரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு போவேன். ஓரிடத்தில் தட்டும்போது சின்னவிரலுக்குள் எறும்பு ஓடுவது போலக் கூசும். வளர்ந்துவரும் நரம்பின் முனை அவ்விடம் வரை வந்துவிட்டது என்று அதற்குப் பொருள். அவ்விடத்தில் நீலப் பேனையால் ஒரு கோடு கீறி, தழும்பிலிருந்து அளந்து, மில்லிமீற்றர் கணக்கைக் கொப்பியில் எழுதி வைப்பேன். இரண்டாம் மாதத்துக்கும் மூன்றாம் மாதத்துக்கும் இடையில் அந்தக் கோடு 8 மில்லிமீற்றர்தான் நகர்ந்திருந்தது. குளிசைதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவன் சிகரட் குடிப்பவன். காயம் முதல் வாரத்தில் கொஞ்சம் சீழ் கட்டியது. பயிற்சிக்கும் ஒழுங்காகப் போகவில்லை. ஒருவனுடைய கையை வைத்து மருந்தின் மீது குற்றம் சுமத்துவது முறையாகாது. ஆனால் அந்த எட்டு மில்லிமீற்றர் என்னை இந்த விடயத்தைத் தேடி வாசிக்க வைத்தது.

நம் உடல் தனக்கு வேண்டிய அபினைத் தானே செய்கிறது. அபின் வந்து ஒட்டும் வாங்கிகள் மூளையில் இருப்பதை 1973 இல் கண்டுபிடித்தார்கள். அவ்வாங்கிகள் எதற்காக இருக்கின்றன என்ற கேள்விக்கு, 1975 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் (அதுவும் நம்மூரைப் போல ஒரு துறைமுக நகரம்) ஜோன் ஹியூஸ், ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும் விடை கண்டார்கள். பன்றியின் மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற சிறு புரதத் துணுக்குகளை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். பிறகு இந்த வாங்கிகள் தோலிலும், நிர்ப்பீடனக் கலங்களிலும், குடலிலும், நரம்பு நுனிகளிலும் இருப்பது தெரியவந்தது. ஆகவே நோவுக்காக விழுங்கும் குளிசை மூளைக்கு மட்டும் போய்த் திரும்பிவிடுவதில்லை. காயம்பட்ட இடத்தில் வேலை செய்யும் கலங்களும் அதைக் கேட்கின்றன.

அவை அதைக் கேட்டு என்ன செய்கின்றன என்பதில்தான் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக உழைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயன் சாகொன், பற்றீசியா மக்லோலின் ஆகியோரின் குழு, அந்த என்கெஃபலின்களுள் ஒன்றான மெத்-என்கெஃபலின், கலங்கள் பெருகுவதைத் தடுத்து மெதுவாக்கும் பொருளாகவும் வேலை செய்கிறது என்று காட்டியது. நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளின் விழிவெண்படலக் காயம் ஆறப் பிந்துவதையும், அபின் வாங்கிகளை அடைக்கும் நால்ட்ரெக்சோன் மருந்தைச் சொட்டாக விட்டபோது அது விரைந்து ஆறியதையும் அவர்கள் கண்டார்கள். உடலின் சொந்த அபினே ஒரு கடிவாளம் போல இருக்கிறது என்றால், வெளியிலிருந்து நாள்தோறும் நாம் ஊட்டுவது அந்தக் கடிவாளத்தை இன்னும் இறுக்காதா என்ற கேள்வி இயல்பாகவே எழும்.

காயம் பட்ட முதல் நாட்களில் வரும் வீக்கத்தையும் சூட்டையும் சிவப்பையும் நாம் பகையாக எண்ணுகிறோம். உண்மையில் அந்த நேரத்தில்தான் வெண்குருதிக் கலங்கள் முதலிலும், பெரிய விழுங்கு கலங்கள் அடுத்தும் காயத்துக்குள் வந்து கிருமியையும் இறந்த இழையத்தையும் அகற்றுகின்றன. மோர்பின் கொடுக்கப்பட்ட சுண்டெலிகளில் இந்த இரு கூட்டமும் வந்து சேரப் பிந்துவதும், காயம் மூடத் தாமதமாவதும் பதிவாகியுள்ளன. நரம்பு நுனிகள் காயத்தில் சுரக்கும் "சப்ஸ்டன்ஸ் பி" என்ற பொருள், நோவைச் சொல்லும் அதே வேளை தோல் கலங்களைத் திருத்த வேலைக்கும் அழைக்கிறது. மோர்பின் அதன் சுரப்பைக் குறைக்கிறது. பிரான்ஸின் துலூஸ் நகரில் ஒரு குழு 2018 இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. சுண்டெலியின் தொடையடிக் கொழுப்பு இழையத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தால் வழக்கமாகத் தழும்புதான் மிஞ்சும். மூளைக்குள் புகாத விதத்தில் அபின் வாங்கிகளை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது, வெட்டிய பகுதி திரும்ப வளர்ந்தது. இயற்கையாகவே இழையத்தைத் திரும்ப வளர்க்கக்கூடிய ஒரு சுண்டெலி இனத்துக்கு ட்ரமடோல் கொடுத்தபோது அந்தத் திறமை அடங்கிப் போனது. காயம்பட்ட உடனே உண்டாகும், தாக்குதிறன் கூடிய ஒட்சிசன் மூலக்கூறுகளே வளர்ச்சிக்கு அழைப்பு விடுகின்றன என்றும், அபின் அந்த அழைப்பை அமுக்கிவிடுகிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள்.

நரம்பைப் பொறுத்தவரை இன்னும் கவலை தரும் செய்தி உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பீற்றர் கிரேஸ், லிண்டா வொட்கின்ஸ் ஆகியோரின் குழு, நரம்பு நெரிக்கப்பட்ட எலிகளுக்குக் காயத்தின் பத்தாம் நாளில் தொடங்கி ஐந்தே நாள் மோர்பின் கொடுத்துப் பார்த்தது. மோர்பின் நிறுத்தப்பட்ட பிறகு, அந்த எலிகளின் நோவு மற்ற எலிகளின் நோவைவிட ஏறக்குறைய இரு மடங்கு காலம் நீடித்தது. முண்ணாணிலுள்ள நிர்ப்பீடனக் கலங்கள் மோர்பினால் மேலும் தூண்டப்பட்டு அழற்சியைத் தொடர்ந்தமையே காரணம் என்று 2016 இல் எழுதினார்கள். நோவைத் தீர்க்கக் கொடுத்த மருந்தே நோவை நீட்டியிருக்கிறது. டெக்சஸில் மிஷெல் ஹூக் என்ற ஆய்வாளர், முண்ணாண் காயமுற்ற எலிகளுக்கு ஆரம்ப நாட்களில் மோர்பின் கொடுத்தால் அவை நடை மீளப் பெறுவது குறைவதைக் காட்டினார். அதற்கும் முன்னர் 2000 இல், நீண்ட நாள் மோர்பின் கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையில், நினைவோடு தொடர்புடைய பகுதியில் புதிய கலங்கள் பிறப்பது குறைவதாக வேறொரு குழு கண்டது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு "அபின் வகை மருந்து காயத்தை ஆறவிடாது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் நான் உங்கள் வாசகர்களுக்குத் தீங்கு செய்தவளாவேன். அபின் வாங்கிகள் ஒரே வகையினவல்ல. மியூ, டெல்ரா, கப்பா எனப் பல உண்டு. கப்பா வாங்கியைத் தூண்டும் ஒரு பொருள், நரம்பு இழையைச் சுற்றியுள்ள மயலின் உறை திரும்ப உண்டாக உதவுகிறது என்று 2016 இல் சுண்டெலிகளில் கண்டார்கள். டெல்ரா வாங்கி இல்லாத சுண்டெலிகளின் தோல் காயங்கள் பிந்தியே ஆறின. மோர்பினைக் காயத்தின் மேலே பூசியபோது எலிகளில் புதிய இரத்தக் குழாய்கள் வளர்ந்து காயம் விரைந்து ஆறியதாகச் சொல்லும் ஆய்வும் இருக்கிறது. பூசியபோது பிந்தியதாகச் சொல்லும் ஆய்வும் இருக்கிறது. எந்த வாங்கி, எவ்வளவு அளவு, எத்தனை நாள், காயத்தின் எந்தக் கட்டம் என்பவற்றைப் பொறுத்து விடை மாறுகிறது. மனிதரில் நடந்தவை பெரும்பாலும் கவனித்து எழுதிய ஆய்வுகளே. ஆறாப் புண் உள்ளவர்களில் அபின் வகை மருந்து கூடுதலாக எடுத்தவர்களுக்குப் புண் பிந்தி ஆறியதும், எலும்பு முறிந்தவர்களில் இம்மருந்துகளுக்கும் எலும்பு பொருந்தாமைக்கும் தொடர்பு காணப்பட்டதும் உண்மை. ஆனால் பெரிய காயமுள்ளவர்தானே கூடுதலாக மருந்து எடுப்பார்? அதைப் பிரித்தறிவது இலேசல்ல.

எலியின் கதை ஒருபுறமிருக்க, நானே கண்ணால் கண்ட வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. இந்தக் குளிசைகளை நாட்கணக்காகப் போடுபவருக்கு மலம் இறுகும், வயிறு ஊதும், சாப்பாட்டில் மனம் போகாது. மீனும் முட்டையும் பருப்பும் உள்ளே போகாத உடலில் புதிய சதை எதைக்கொண்டு வளரும்? பகலெல்லாம் கண்ணைச் சொருகிக்கொண்டு கிடப்பவர் எழுந்து நடக்கமாட்டார், கை விரல்களை மடக்கி நீட்டமாட்டார். மருமகனின் சின்னவிரலும் மோதிரவிரலும் உள்ளே வளைந்து இறுகத் தொடங்கியிருந்தன. நரம்பு வந்து சேர்ந்தாலும் அசைவதற்கு மூட்டு இடங்கொடுக்க வேண்டுமே. மாதக்கணக்கில் எடுப்பவர்களுக்குப் பாலியல் ஓமோன்கள் குறைந்து, தசையும் எலும்பும் நலிவதும் மருத்துவர்கள் நன்கறிந்த விடயம். சீனி வருத்தமுள்ளவரின் காலில் இன்னொரு ஆபத்து உண்டு. நோவு என்பது அங்கே காவல்காரன். மருந்து கட்டும் அறையில் ஒரு முறை, பழைய துணியால் சுற்றிய ஒரு முதியவரின் காலை அவிழ்த்தபோது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே சிப்பித் துண்டு ஒன்று புதைந்து கிடந்தது. எத்தனை நாளாக இருக்கிறது என்று அவருக்கே தெரியாது. ஏற்கெனவே மரத்துப்போன காலுக்கு மேலே, தினமும் இரண்டு வேளை ட்ரமடோலும் போட்டுக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் மிக அழுத்தமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். புற்றுநோயாளிக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மோர்பினை இக்கடிதத்தைக் காட்டி எவரும் நிறுத்திவிடக் கூடாது. "மோர்பின் தொடங்கினால் முடிவு வந்துவிட்டது" என்று பயந்து, தாய் தந்தையரை நோவோடு கிடக்கவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதைப்போல் மனதை வருத்திய காட்சி என் தொழிலில் வேறில்லை. உலக சுகாதார நிறுவனம் 1986 இலேயே புற்றுநோய் நோவுக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் வழியை வகுத்து, கடும் நோவுக்கு மோர்பினைப் பரிந்துரைத்தது. பெரிய சத்திரசிகிச்சையின் முதல் நாட்களிலும் இம்மருந்துகள் வேண்டும். வயிறு கிழித்துத் தைத்தவர் நோவினால் இருமப் பயந்து, மூச்சை ஆழ இழுக்காமல் கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும். அடங்காத நோவும் உடலை அலைக்கழித்து, நித்திரையைக் கெடுத்து, காயம் ஆறுவதைப் பிந்தச் செய்கிறது. நீண்ட நாளாக எடுத்துக்கொண்டிருப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் தவறு. வைத்தியரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மருமகனுக்கும் அப்படித்தான் மூன்று வாரம் எடுத்தது.

என்னுடைய குறை எல்லாம், தேவைக்கு மேல் நீளும் அந்த நாட்களைப் பற்றியது. ட்ரமடோல் 1977 இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தபோது, மோர்பினை விட மென்மையானது என்ற பெயரோடு வந்தது. அந்தப் பெயராலேயே அது பனடோலின் அண்ணன் என்பது போல நம் மக்கள் எண்ணுகிறார்கள். மோர்பின் ஒட்டும் அதே வாங்கியில்தான் அதுவும் ஒட்டுகிறது என்று தெரிவதில்லை. கொடெயின் கலந்த நோவுக் குளிசைகளுக்கும் இருமல் பாணிகளுக்கும் இது பொருந்தும். அபின் பற்றிய கட்டளைச்சட்டம் நம் நாட்டில் 1929 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ஆனால் சட்டம் கடைக்காரரின் மேசைக்கு அப்பால் வருவதில்லை. வீட்டுக்குள்ளே ஒருவர் மிச்சத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதைப் பொலிஸார் தடுக்க முடியாது. விளக்கம்தான் தடுக்க முடியும்.

மூதூர், சம்பூர்ப் பக்கங்களில் போர்க்காலக் காயத்தோடு வாழ்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்டிய காலின் அடிமுனையில் இரவில் மின்சாரம் பாய்வது போல நோகிறது என்று சொல்லும் அவர்களுக்கு, நரம்பு நோவுக்கென்றே வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான ப்ரெகபலினும் இப்போது கைதுச் செய்திகளில் அடிபடுகிறது. உண்மையான நோயாளி கடைக்குப் போய் அதைக் கேட்கவே வெட்கப்படுகிறார். கேட்டால் சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் என்னிடம் வருந்திச் சொன்னார்.

ஆகவே உங்கள் பத்திரிகை வாயிலாகச் சுகாதாரத் துறையினரிடம் கேட்பது இதுதான். விடுதியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் நோய் நிர்ணய அட்டை ஆங்கிலத்தில் இருக்கட்டும். அதனோடு இணைத்து, இந்தக் குளிசை அபின் வகையைச் சேர்ந்தது, இன்ன திகதியோடு நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகும் நோவு இருந்தால் கடைக்குப் போகாமல் கிளினிக்குக்கு வாருங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு சிறு துண்டு கொடுக்கலாம். திகதியைக் கையால் எழுதுவதற்கு அரை நிமிடம் போதும். மருந்தாளர்கள் அந்தத் திகதி கடந்த துண்டைக் குளிசை கொடுக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நோயாளி காலமான பின் எஞ்சும் மோர்பினையும் ட்ரமடோலையும் வாங்கிய வைத்தியசாலையிலேயே திரும்ப ஒப்படைக்கும்படி, அவற்றைக் கொடுக்கும்போதே குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் அவர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போதை மாத்திரைக் கைதுச் செய்தி வரும்போது, அந்த மாத்திரை எந்த நோவுக்கு, எத்தனை நாளுக்குக் கொடுக்கப்படுவது என்பதை ஒரு வைத்தியரிடம் கேட்டு, அதே பக்கத்தில் நான்கு வரி சேர்த்து அச்சிடுங்கள்.

இவ்வண்ணம்,
உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தாதிய உத்தியோகத்தர்,
உப்புவெளி, திருகோணமலை.